நாலாவது அடி

எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதில் இருக்கக் கூடாத சத்தத்தைத்தான் என் காது முதலில் தேடும். பாடுகிறவர் வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, வயலின்காரரின் நாற்காலி முனகல், யாரோ புரட்டும் காகிதம். ஒரு பழைய சோகப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் தூரத்தில் ஒரு காகம் கத்துகிறது. அந்தக் காகம் இப்போது உயிரோடு இருக்காது. அதன் பேரப்பிள்ளைகளாவது, எங்கள் குடும்பத்தில் ஒருத்தர் சினிமாவில் பாடியிருக்கிறார் என்று பீற்றிக்கொள்ளுமா என்று எழுதினேன். ஆறாயிரம் பேர் சிரித்தார்கள்.

இப்படி எழுதுவதற்காகவே இணையத்தில் ‘காதுல விழுந்தது’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். நான் சென்னையில் ஏதோ ஸ்டுடியோவில் வேலை செய்பவள் என்று அவர்களில் பலருக்கு நினைப்பு. நானும் மறுத்ததில்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவள் என்று சொல்லிவிட்டால் என் காது மந்தமாகிவிடப் போவதில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

போன ஆடி மாதம் அந்தப் பாட்டு வந்தது. செந்தமிழ் என்ற புது இசையமைப்பாளர், புதுச்சேரிக்கு வெளியே இடையஞ்சாவடிப் பக்கம் சொந்த ஸ்டுடியோ வைத்திருப்பவர், படத்துக்கு இல்லாமல் தனியாக வெளியிட்ட பாட்டு. ஒரு குரல், ஒரு விசில், அவற்றுக்கு அடியில் ஒரு தாளம். அது மேளம் இல்லை, பறை இல்லை. ஈரமான எதன் மீதோ பலர் சேர்ந்து அடிக்கிற மாதிரி கனமாக இருந்தது. மூன்று அடி கச்சிதமாக விழும். நாலாவது அடி ஒரு நூல் தாமதமாக, கொஞ்சம் லேசாக விழும். அந்தத் தாமதத்தில் கேட்கிறவன் மனசு ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிட்டு இறங்கும். அந்தக் கணத்துக்காகவே ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

என்ன கருவி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நனைந்த சாக்கு, தோல் பை, பரோட்டா மாவு. நான் எழுதினேன்: ‘கருவி எதுவென்று தெரியாது. ஆள் யாரென்று தெரியும். மூணு அடி போலீஸ்காரர், நாலாவது அடி வாத்து.’ அதற்கு ‘வாத்து நடை’ என்று பெயரும் வைத்தேன்.

பெயர் பிடித்துக்கொண்டது. கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்று அடி விறைப்பாக வைத்து நாலாவதில் இடுப்பைச் சாய்த்து இடது காலை இழுத்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் இழுத்தார்கள். செந்தமிழே என் பதிவைப் பகிர்ந்து, ‘இதைவிட நல்ல பேர் எனக்கே தோணல’ என்று எழுதினார். அன்றைக்கு நான் கடையில் ஒருவருடைய சாதிச் சான்றிதழை ஆறு நகல் எடுப்பதற்குப் பதில் பதினாறு எடுத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் அவருடைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் புதுச்சேரியில் ரசிகர் சந்திப்பு. மேடையில் ஐந்து ரசிகர்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். முதல் ஆள் நான்.

அந்தச் சேதியோடு வீட்டுக்கு வந்தபோது அக்கா அம்சவள்ளி பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பளத்திலிருந்து வந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கால் கழுவ வேண்டும், பிறகு தேங்காய் எண்ணெய். இல்லாவிட்டால் விடிவதற்குள் பாதம் பிளந்துவிடும். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

“இன்னாடி, வாயெல்லாம் பல்லா இருக்குது?”

“மேடை ஏறப் போறேன்க்கா. இந்தப் பாட்டு போட்டவரோட.”

“எந்தப் பாட்டு?”

“வாத்து நடைன்னு ஊரே ஆடுது, நீ கேட்டதில்லியா?”

கேட்டிருந்தாள், கேட்காமலும் இருந்தாள். கல்யாண மண்டபத்து இரைச்சலில் எந்தச் சத்தமும் தனியாகக் காதில் நிற்காது. அளத்தில் கூட வேலை செய்யும் ஜான்சியின் போனிலோ விசிலும் குரலும் மட்டும்தான் வரும். அடியில் இருக்கிற அந்தத் தாளம் வராது. நான் என் ஹெட்போனை எடுத்து அவள் காதில் மாட்டினேன்.

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஈரத் தரையில் அவள் வலது கால் தானாக அசைய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு இடது கால்.

“ஏய்,” என்றாள். காதில் பாட்டு ஓடியதால் கத்தினாள். “இது நம்ம பாத்திடி!”

“எது?”

“பாத்தி மிதிக்கிறோம்டி. நாங்கதான். இரு, இரு, இதோ ஆராயி இருமறா பாரு!”

ஹெட்போனைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டு. ஒரு நிமிடம் பத்தாவது வினாடியில், விசில் ஆரம்பிப்பதற்கு முன்னால், வறண்ட ஒரு இருமல். அதைப் பற்றிக்கூட எழுதியிருந்தேன். ‘தாளக்காரருக்கு ஜலதோஷம்’ என்று.

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை மறந்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். போன வருஷம் தை மாதத்தில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் அளத்துக்கு வந்திருக்கிறார்கள். கம்பின் முனையில் செத்த பூனை மாதிரி முடி வைத்த ஒரு மைக். “பாடச் சொல்லுவாங்கன்னு ஜான்சி தொண்டைய கனைச்சிக்கினே இருந்தா. அந்தப் பையன் வந்து, அக்கா, பாட்டெல்லாம் வேணாம், நீங்க எப்பவும் போல மிதிங்க போதும்னுட்டான். ஜான்சிக்கு மூஞ்சி தொங்கிப்போச்சி. ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் குடுத்தாங்க.”

நான் அந்த நாலாவது அடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் பருவம் தொடங்கும்போது பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டியாக்குவார்கள். எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். வலது காலால் மூன்று குத்து, இடது காலால் ஒரு நகர்வு. எட்டுப் பேர் காலும் ஒன்றாக விழ வேண்டும். ஒருத்தி முந்தினால் தரையில் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நின்றால் உப்பு சரியாக இறங்காது. அதனால் வரிசையில் யார் கால் மெதுவோ அவள் காலுக்கு மற்ற ஏழு கால்களும் காத்திருக்கும். யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. வரிசையில் நின்றாலே கால் கற்றுக்கொண்டுவிடும்.

அந்த வரிசையில் மெதுவான கால் என் அக்காவுடையது. இடது பாதத்தில் பெருவிரலும் அடுத்த விரலும் கிடையாது. அவள் அந்தக் காலை ஊன்றி எடுப்பதற்குள் ஒரு நூல் நேரம் ஆகும். மற்ற ஏழு பேரும் அந்த ஒரு நூல் காத்திருந்து, அவளோடு சேர்ந்து லேசாக வைப்பார்கள். கல்யாண மண்டபங்களில் இடுப்பைச் சாய்த்து ஆடினார்களே, அது அக்காவின் ஊனம். அதற்கு வாத்து என்று பெயர் வைத்தவள் நான்.

“இந்தத் தங்கராசு இருக்கான் இல்ல, எங்க மேஸ்திரி,” என்றாள் அக்கா, எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே. “ரெண்டு மாசமா என்னப் பாத்து வாத்து, வாத்துன்றான். இன்னாத்துக்குன்னு இப்பதான் தெரியுது. இந்தப் பாட்டுக்கு அந்தப் பேர் எவன் வெச்சான்?”

“யாரோ நெட்டுல,” என்றேன்.

அந்த விரல்கள் போன கதை எங்கள் இருவருக்கும் தெரியும், பேசுவது மட்டும் இல்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. அக்கா காலில் கிளிஞ்சல் கிழித்துச் சீழ் வைத்திருந்தது. ஒரு மாதம் உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரிசையில் இடம் விட்டுப்போனால் வேறு ஆள் வந்துவிடும் என்பதால் அவளுக்குப் பதில் நான் போனேன். இரண்டு நாள் மிதித்தேன். மூன்றாம் நாள் பாதம் கொப்பளித்து, தூக்குச் சட்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு மறுநாள் அவளே போனாள். பங்குனியில் விரல்களை எடுத்தார்கள். அதுவரை அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் பிறகு வரவில்லை.

இரண்டு நாள் அந்தத் தாளத்துக்குள் என் காலும் இருந்திருக்கிறது. காகத்தையும் நாற்காலியையும் கண்டுபிடித்த காதுக்கு அது மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அதுவே முடிவு செய்திருக்கலாம்.

மறுநாள் காலை ஹெட்போனோடு அளத்துக்குப் போனேன். மிதிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பாத்தி முடிந்து வரப்பில் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். ஆராயி தன் இருமலைக் கேட்டுவிட்டு, “அடிப்பாவி, இத்தினி ஊருக்கும் நானா இருமனேன்?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜான்சிக்குக் கண் மின்னியது. “ஞாயித்துக்கிழமை மேடையில நீ இருப்பியாமே? கேளு ரேணு. மரக்காணத்துல எடுத்ததுதானேன்னு கேளு. பேரு போட்டானுங்களா? விசிலடிச்சவன் பேரு போட்டுருக்கான், டீ வாங்கியாந்தவன் பேரு போட்டுருக்கான். எங்க பேர போட்டா இன்னா கொறஞ்சிடும்? எட்டே எட்டு பேரு.”

“எங்கூட்டுப் பேரப்பசங்க நம்பமாட்டானுங்க,” என்றாள் ஆராயி. “பேரு இருந்தா காட்டலாம்.”

“கேக்கறேன்,” என்றேன். “கண்டிப்பா கேக்கறேன்.”

அக்கா கடைசியில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எழுந்து போகட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னாள்: “கேளு. ஆனா எங்காலப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது. எங்க பாத்தி, நாங்க மிதிச்சம்னு சொல்லு. அத்தோட வுட்டுரு.”

“சரிக்கா.”

கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ‘இந்தச் சத்தத்தை எந்த ஊரில், யாரிடமிருந்து பதிவு செய்தீர்கள்?’ ஒரே வரி. நேரலை இணைப்பை ஜான்சியின் போனுக்கு அனுப்பினேன். அவள் வீட்டில் எல்லாரும் கூடிப் பார்ப்பதாகச் சொன்னாள். பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்வரை அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அரங்கில் ஐந்நூறு பேர் இருக்கும். செந்தமிழ் நேரில் இன்னும் இளையவராக, நன்றாகப் பழகுகிறவராக இருந்தார். அதுதான் கஷ்டம். தாளம் எப்படிப் பிறந்தது என்று தொகுப்பாளர் கேட்டார். ஒரு மழை நாளில் செம்மண் சேற்றில் நடந்தபோது தன் செருப்பு வார் அறுந்துபோனதாகவும், அதை இழுத்து இழுத்து நடந்தபோது தன் நடையே ஒரு தாளமாகக் கேட்டதாகவும், வீட்டுக்கு ஓடிப்போய் அதை உருவாக்கியதாகவும் அவர் சொன்னார். சொல்லும்போதே மேடையில் இழுத்து நடந்தும் காட்டினார். அரங்கம் கைதட்டியது. அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. பலமுறை சொல்லி அவரே நம்பியிருந்தார். என் பக்கத்தைப் படிப்பவர்கள் என்னை ஸ்டுடியோக்காரி என்று நம்பியதை நான் விட்டுவைத்ததைப் போல.

பிறகு மைக் என்னிடம் வந்தது.

“இவங்கதான் ரேணுகா!” என்றார் அவர். “வாத்து நடைன்னு பேர் வெச்ச மகராசி. எந்திரிங்க, எந்திரிங்க.”

ஐந்நூறு பேர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வாழ்க்கையில் யாரும் என் பெயரை அப்படிச் சொன்னதில்லை. தாளை நாலாக மடித்தேன். கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். மரக்காணம் என்பேன், எட்டுப் பெண்கள் என்பேன். அப்புறம் அந்த நாலாவது அடி ஏன் தாமதம் என்று யாராவது கேட்பார்கள், அக்காவின் கால் வெளியே வந்துவிடும். அக்காவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக அந்தக் காரணம் வந்து கையில் உட்கார்ந்தது.

“அந்த விசில் யார் அடிச்சது சார்?” என்று கேட்டேன். பாட்டின் கீழேயே அந்தப் பெயர் இருக்கிறது.

“என் நண்பன்தான். சரி, பேர் வெச்சவங்க ஆடாம போனா எப்படி?” என்று அவர் கை நீட்டினார். பாட்டு ஆரம்பித்தது. பெரிய ஸ்பீக்கரில் அந்தப் பாத்தி என் காலுக்கு அடியில் அதிர்ந்தது. நான் ஆடினேன். மூன்று அடி விறைப்பாக. நாலாவதில் இடுப்பைச் சாய்த்து இடது காலை இழுத்து.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு இரண்டு புடவைகளை மடித்து முடித்தாள்.

“நல்லா ஆடுன.”

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

“ஜான்சி ஊட்டுல எல்லாரும் பாத்தோம். தங்கராசு பொண்டாட்டியும் வந்திருந்தா. நீ வெச்ச பேராமே.”

“அக்கா, எனக்கு அப்ப தெரியாது.”

“பேர் வெச்சப்ப தெரியாது. ஆடறப்ப?”

“நீதானக்கா சொல்லாதன்ன.”

அவள் துணியைக் கீழே வைத்தாள். “எங்காலச் சொல்லாதன்னேன். எங்க பாத்தியச் சொல்லாதன்னேனா? ஜான்சி புதுப் பொடவ கட்டிக்கினு ஒக்காந்திருந்தாடி. ஆராயி, பேரு வரும் பேரு வரும்னு பசங்கள சத்தம் போடாத இருக்கச் சொன்னா.” குரல் உயரவே இல்லை. “அன்னிக்கு தூக்குச் சட்டிய வுட்டுட்டு ஓடியாந்து வாசல்ல நின்ன இல்ல, இதே மூஞ்சிதான்.”

பதினைந்து வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது. அன்றைக்கே திட்டியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து உண்மையை எழுதினேன். மரக்காணம் உப்பளம், பாத்தி மிதிப்பு, எட்டுப் பேர், எட்டுப் பெயர்கள். யாருடைய கால் என்று எழுதவில்லை. வெறுமனே எழுத எனக்கு வரவில்லை. பழகிய கை, ‘எட்டுப் போலீஸ்காரர்களும் கண்டுபிடிக்கப்பட்டார்கள்’ என்று தலைப்புப் போட்டது. வாசகர்களைத் தக்கவைக்கிற தலைப்பு. செந்தமிழிடமிருந்து பதில் இல்லை. படித்தவர்கள் சிலர் ஆதாரம் கேட்டார்கள், சிலர் விளம்பரத்துக்கு அலைகிறாள் என்றார்கள். பெரும்பாலோருக்கு ஒரே கேள்விதான். அப்படியென்றால் வாத்து யார்?

வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலிருந்து மூன்று பைக்குகளில் கல்லூரிப் பிள்ளைகள் அளத்துக்கு வந்தார்கள். ஜான்சி என்னிடம் பேசுவதில்லை. ஆராயிதான் கடைக்கு வந்தபோது சொன்னாள். கெட்ட பிள்ளைகள் இல்லை, அக்கா அக்கா என்றுதான் பேசினார்களாம். எல்லாரையும் மிதிக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார்கள். “அக்கா, யாரு அந்த நாலாவது அடி?” என்று ஒருவன் கேட்டிருக்கிறான். யாரும் வாய் திறக்கவில்லை. அவன் போனைத் தாழ்த்தி, வரிசையின் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறான். அவன் ஐந்தாவது காலுக்கு வருவதற்குள் அம்சவள்ளி பாத்தியை விட்டு வெளியேறி வரப்பில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

“மறுநாள் வந்தா. வரிசையில நிக்க மாட்டேன்னுட்டா. வாய்க்கால் பக்கம் தண்ணி பாத்து வுடற வேலைய கேட்டு வாங்கிக்கினா. கூலி கம்மி. எத்தினியோ சொன்னோம், கேக்கல.” ஆராயி தன் ரேஷன் கார்டு நகலை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். “ஏழு பேரா மிதிக்கிறோம் இப்ப.”

அக்கா வீட்டில் எதையும் சொல்லவில்லை. சோறு போடுகிறாள், கால் கழுவுகிறாள், எண்ணெய் தேய்க்கிறாள். நான் கூடத்தில் இருந்தால் அவள் அறையில் இருக்கிறாள். அவள் நடக்கும்போது நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். அதில் எதுவும் ஓடுவதில்லை.

இன்று காலை கடைக்குப் போகும் வழியில் ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அளத்துக்கு எதிரில் இறங்கினேன். சாலையிலிருந்தே பார்த்தேன். தூரத்தில் வாய்க்கால் மடையருகே, மண்வெட்டியோடு முதுகு காட்டி நிற்பவள் அக்கா. இந்தப் பக்கம் பாத்தியில் ஏழு பேர் வரிசை. காற்று என் பக்கம்தான் அடித்தது, சத்தம் தெளிவாக வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் விழுந்தன. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பாத்தி சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தது. அடுத்த ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் அந்தப் பாட்டைத்தான் போட்டிருந்தார்.